நோவும் அபினும் ஒளியும்

மனிதன் நோயைக் காட்டிலும் நோவுக்கே பெரிதும் அஞ்சினான். நோய் உடலை மெல்ல மெல்ல அழிக்கலாம். நோவோ உறக்கத்தையும், உணவின் சுவையையும், உற்றாரோடு உரையாடும் இன்பத்தையும் அக்கணமே கவர்ந்துகொள்ளும். ஆதலால், நோவைத் தணிக்கும் பொருள் எதுவாயினும் அதனை ஐயுறாது ஏற்றுக்கொள்வது மக்கள் இயல்பாயிற்று. அந்நம்பிக்கை எத்துணை நலம் பயந்தது, எத்துணைக் கேடு விளைத்தது என்பதை அறிவதற்குக் கடந்த 200 ஆண்டுகளின் மருத்துவ வரலாறு போதிய சான்று தருகின்றது. அவ்வரலாற்றில் அபினின் கதை ஒன்று. ஒளியின் கதை மற்றொன்று. வெவ்வேறு திசைகளில் தோன்றிய இவ்விரண்டும், நாட்பட்ட நோவினால் வருந்தும் நோயாளியின் கட்டிலருகே இன்று வந்து சந்திக்கின்றன.

அபின் மிகப் பழைய மருந்து. கசகசாச் செடியின் பசுங்காயைக் கீறினால் வடியும் பால் உறைந்து அபினாகின்றது. அதன் ஆற்றலை முன்னோர் அறிந்திருந்தனர்; அளவைத்தான் அறியவில்லை. ஒரு கட்டி அபின் நோவைத் தணித்தது. அதே நிறையுள்ள மற்றொரு கட்டி உயிரைக் குடித்தது. இக்குறையை நீக்க முயன்றவர் சேட்டுர்னர் என்னும் ஜேர்மானிய இளைஞர். பாடர்போன் நகரில் மருந்துச்சாலை உதவியாளராய் இருந்த அவர், 1804 ஆம் ஆண்டை அடுத்து அபினின் சாரத்தைப் பிரித்தெடுத்தார். பின்னர்த் தம் உடலிலும், உடன்பட்ட இளைஞர் மூவரிடத்திலும் அதனைச் சோதித்து, 1817 இல் முடிவுகளை வெளியிட்டார். கனவுக்குரிய கிரேக்கத் தெய்வத்தின் பெயரைத் தழுவி அச்சாரத்துக்கு இடப்பட்ட பெயரே மோர்பின் என வழங்குகின்றது.

மருந்துக்கு அளவு கிடைத்தது. 1850 களில் தோலின்கீழ் மருந்தேற்றும் ஊசியும் வழக்கிற்கு வந்தது. இனி ஆபத்தில்லை எனப் பலரும் எண்ணினர். ஆயின், அளவறிந்து கொடுத்த மோர்பினும் அடிமைப்படுத்தும் இயல்பை விட்டுவிடவில்லை. நூற்றாண்டு முடியுமுன்னரே, வைத்தியர் கையால் ஏற்றிய ஊசியினாலே அப்பழக்கத்துக்கு ஆளானோர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெருகினர். அதற்கு மாற்று வேண்டுமெனத் தேடியபோது, 1898 இல் பேயர் என்னும் ஜேர்மானிய நிறுவனம் ஹெரோயின் என்ற மருந்தைச் சந்தைக்குக் கொணர்ந்தது. இருமலுக்கு உகந்ததென்றும், பழக்கத்தை உண்டாக்காததென்றும் அது போற்றப்பட்டது. அக்கூற்று நெடுங்காலம் நிலைக்கவில்லை. 1924 இல் ஐக்கிய அமெரிக்கா ஹெரோயின் உற்பத்தியைத் தடைசெய்தது.

இப்பாடம் கற்கப்பட்டதாயின் கதை இங்கே முடிந்திருக்கும். 1980 இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் சில வரிகளே கொண்ட கடிதமொன்று வெளிவந்தது. வைத்தியசாலையில் இவ்வகை மருந்து பெற்ற 11,882 நோயாளருள் நால்வரே அடிமையாயினர் என்பது அதன் சாரம். வைத்தியசாலையில் தங்கியிருந்தோரைப் பற்றியே அது கூறிற்று. வீட்டிலிருந்து மாதக்கணக்காய் மாத்திரை உண்போரைப் பற்றி அது யாதும் கூறவில்லை. எனினும், நாட்பட்ட நோவுக்கும் அது சான்றாக எடுத்துக் காட்டப்பட்டது. 2017 இல் ஆராய்ந்தோர், அக்கடிதம் 608 தடவை மேற்கோளாகக் கொள்ளப்பட்டதைக் கண்டனர். 1996 இல் பேர்டியூ நிறுவனம் ஒக்சிகொன்ரின் என்னும் மாத்திரையைப் பெரும் விளம்பரத்துடன் விற்கத் தொடங்கிற்று. பழக்கத்துக்கு அடிமையாகும் ஆபத்து இம்மாத்திரையில் குறைவு என மக்களை ஏமாற்றிய குற்றத்தை, அந்நிறுவனத்தின் சார்புக் கம்பனி 2007 இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. வைத்தியர் எழுதிய மாத்திரையில் தொடங்கிய இடர், பின்னர் ஹெரோயினாகவும் பென்ரனிலாகவும் உருமாறிப் பரவிற்று. 1999 முதல் 2021 வரை அந்நாட்டில் அபின் இன மருந்துகளை அளவு மிஞ்சி உட்கொண்டு மாண்டோர் ஏறத்தாழ 6 இலட்சத்து 45 ஆயிரம் பேர்.

இனி, ஒளியின் கதையை நோக்குவோம். பரோத் தீவுகளிற் பிறந்து டென்மார்க்கில் வாழ்ந்த நீல்ஸ் பின்சன் என்ற வைத்தியர், மின்வில் விளக்கின் ஒளியைக் குவித்து, முகத்தை அரித்துத் தின்னும் தோற் காசநோயைக் குணப்படுத்தினார். 1903 இல் அவர் நோபல் பரிசு பெற்றார். அடுத்த ஆண்டிலே காலமானார். அவர் நோவைத் தணிக்க முற்பட்டவரல்லர். ஒளியும் மருந்தாகலாம் என்னும் எண்ணத்துக்கு மதிப்புத் தேடித் தந்தவர் அவரே.

1917 இல் ஐன்ஸ்ரைன் வெளியிட்ட கொள்கையொன்றின் வழியாக, 1960 ஆம் ஆண்டு மே மாதம் 16 ஆம் நாள், கலிபோர்னியாவில் தியடோர் மைமன் என்பவர் மாணிக்கக் கல்லிலிருந்து முதலாவது இலேசர் ஒளியைப் பெற்றார். இதனால் புற்றுநோயை எரித்தழிக்கலாமோ எனப் பலர் ஆராய்ந்தனர். ஹங்கேரியின் தலைநகராகிய புடாபெஸ்ற்றில், என்ட்ரே மெஸ்ரர் என்ற அறுவை வைத்தியர், 1967 இல், மயிர் மழித்த எலிகள்மீது வலுக் குறைந்த இலேசரைப் பாய்ச்சினார். புற்றுநோய் தோன்றவில்லை; ஆயின், ஒளிபட்ட எலிகளில் மயிர் விரைந்து வளர்ந்தது. எதிர்பாராத இந்நிகழ்ச்சியே புதிய சிகிச்சைக்கு வித்தாயிற்று. ஆறாத புண்களுக்கு அவர் இவ்வொளியைப் பயன்படுத்தலானார்.

இச்சிகிச்சையில் ஒளி சுடுவதுமில்லை, வெட்டுவதுமில்லை. செந்நிற ஒளியும், கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக்கீழ்க் கதிரும் தோலை ஊடுருவி, உயிரணுவின் இழைமணிகளிலுள்ள நொதியம் ஒன்றினால் உறிஞ்சப்படுகின்றன என்றும், அதனால் அணுவின் சக்தி உற்பத்தி பெருகி அழற்சி தணிகின்றது என்றும் ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 2009 இல் இலண்டன் லான்செற் ஏடு, கழுத்து நோவுள்ள 820 பேரிடம் நிகழ்த்திய 16 சோதனைகளைத் தொகுத்து வெளியிட்டது. நாட்பட்ட நோவு, சிகிச்சை முடிந்து 22 வாரம் வரையும் குறைந்திருந்தது என அத்தொகுப்புக் கூறிற்று. 2017 இல் அமெரிக்க வைத்தியர் கல்லூரி, நாட்பட்ட முதுகு நோவுக்கு மருந்தில்லாச் சிகிச்சைகளையே முதலிற் கொள்ளுமாறு அறிவுறுத்தி, அவற்றுள் வலுக் குறைந்த இலேசரையும் சேர்த்தது. அதற்குரிய சான்று வலிமை குறைந்தது என்பதையும் மறையாது குறிப்பிட்டது.

அபின் இன மருந்தின் தேவையை ஒளி குறைக்குமோ என்பதே இன்றைய வினா. தெளிவான விடை நாட்பட்ட நோவிலன்றி, வேறோரிடத்திலேயே கிடைத்துள்ளது. கழுத்திலும் வாயிலும் புற்றுநோயுற்றோர் கதிர்ச் சிகிச்சை பெறும்போது, வாய் முழுவதும் புண்ணாகி, விழுங்கவும் இயலாது மோர்பின் வேண்டுவர். தென்னிந்தியாவில் மணிப்பால் நகரில் இத்தகைய 221 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இலேசரும் மற்றையோருக்குப் போலிச் சிகிச்சையும் அளித்தனர். 2012 இல் வெளிவந்த முடிவின்படி, இலேசர் பெற்றோரிடத்துக் கடும் புண்ணும் நோவும் குறைந்ததோடு, அபின் இன மருந்தின் தேவையும் குறைந்தது. 2018 இல் இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனமும் வாய்ப்புண்ணுக்கு இச்சிகிச்சையை ஏற்றுக்கொண்டது.

நாட்பட்ட முதுகு நோவும் மூட்டு நோவும் உடையோரிடத்து அத்துணை உறுதியான சான்று இன்னும் திரளவில்லை. நோவு குறைந்தது என்பதும், மாத்திரை குறைந்தது என்பதும் ஒன்றல்ல. மேலும், ஒளிக்கும் அளவுண்டு. அளவு குறைந்தால் பயனில்லை. மிகுந்தால் கிடைத்த பயனும் மங்கும். ஆயினும் கருவிக்குக் கருவி அலைநீளமும் வலுவும் நேரமும் வேறுபடுகின்றன. சேட்டுர்னருக்கு முன் அபின் இருந்த நிலையிலே இன்று ஒளி இருக்கின்றது எனல் மிகையாகாது. கண்ணுக்குக் காப்பின்றி இதனைக் கையாளுதலும் தகாது.

இன்னுமோர் எச்சரிக்கை வேண்டற்பாலது. ஒளி வந்தது என்று மாத்திரையைத் திடீரென நிறுத்துதல் கூடாது. அவ்வாறு நிறுத்தப்பட்டோர் தாங்கொணாத் துன்பத்துக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் ஆளாகின்றனர் என 2019 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் எச்சரித்தது. மோர்பின் பகையுமன்று. 2017 இல் லான்செற் குழுவொன்று, உலகில் வழங்கப்பட்ட ஏறத்தாழ 299 தொன் அபின் இன மருந்தில் 0.1 தொன்னே மிக வறிய நாடுகளைச் சென்றடைந்தது எனக் கணக்கிட்டது. ஓரிடத்தில் மிகுதியால் மாண்டனர். மற்றோரிடத்தில் இன்மையால் கதறி மாண்டனர்.

1898 இன் வாக்குறுதியும் 1996 இன் வாக்குறுதியும் பொய்த்தமைக்குக் காரணம், அளக்குமுன் நம்பியமையே. நோவுற்றவன் ஆய்ந்து நம்பும் நிலையில் இல்லை. நோவு அவனுக்கு அவ்வவகாசத்தைத் தருவதில்லை. ஆதலால், அவன் பொருட்டு அளந்தறிய வேண்டிய கடமை வைத்தியருக்கும் அரசுக்கும் உரியது. அக்கடமை நிறைவேறுமாயின், ஒளி தனக்குரிய இடத்தைத் தானே பெறும்.