‘அம்பேத்கர்’ பிள்ளைப் பெயரான வரலாறு



சித்தேரி மலையில் கூடி ஒரு பெயரின் வரலாற்றைப் பேசுகிறோம். இங்கே பெயர் சின்ன விஷயம் அல்ல. ‘மலையாளி’ என்ற இனப்பெயர் தருமபுரி, சேலம் உள்ளிட்ட சில மாவட்டங்களுக்கு மட்டுமே பழங்குடிப் பட்டியலில் உண்டு. ஈரோடு மாவட்ட மலைகளில் வாழும் அதே மக்கள் சான்றிதழுக்காக நீண்டகாலமாகப் போராடுகிறார்கள். எழுதப்படும் பெயர் உரிமையைத் தீர்மானிக்கிறது. அழைக்கப்படும் பெயர் மானத்தைத் தீர்மானிக்கிறது.

சூத்திரருக்கு இழிவு தோன்றும் பெயரை வைக்கச் சொல்கிறது மனுநூலின் இரண்டாம் அத்தியாயம். சேரியில் குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி என்று பெயரிட்டதில், இந்தப் பிள்ளையாவது தங்கவேண்டும் என்ற தாயின் அச்சமும் உண்டு. ஆனால் அறுபது வயதுக்காரரை ஊர்த்தெருச் சிறுவன் ‘டேய் குப்பா’ என்றழைக்கவும் அந்தப் பெயர் வசதியாக இருந்தது.

நம் முன்னோர் இதைப் பல வழிகளில் எதிர்கொண்டனர். காத்தவராயன் தம் ஆசிரியரின் பெயரை ஏற்று அயோத்திதாசர் ஆனார். இரட்டைமலை சீனிவாசன், இழிவாக வீசப்பட்ட சொல்லையே எடுத்து 1893இல் ‘பறையன்’ என்று இதழ் தொடங்கினார். எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் ‘ஆதி திராவிடர்’ அரசு ஆவணங்களில் ஏறியது.

‘அம்பேத்கர்’ மராத்தியில் பிள்ளைக்கு இடும் பெயரே அல்ல. கொங்கணத்து அம்படவே கிராமத்தின் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர். அவருக்கு இட்ட பெயர் பீமராவ். தந்தை ராம்ஜி சக்பால். குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழ்நாட்டில் அது பிள்ளைப் பெயராகவே ஆனது. 1990இல் பாரத ரத்னா, 1991இல் நூற்றாண்டு என்று தொடர்ந்த எழுச்சியில் சிலையும் பெயர்ப்பலகையும் போலவே இந்தப் பெயரும் நம் தெருக்களில் பெருகியது.

தமிழும் கைகொடுத்தது. ‘ன்’ என்று முடியும் பெயரை விளிக்கும்போது குறுக்கிவிடலாம். ‘ர்’ மரியாதை ஈறு. வருகைப் பதிவேட்டை வாசிக்கும் எவரும் எங்கள் பிள்ளையை ‘ர்’ போட்டு அழைத்தே ஆகவேண்டும்.

பின்னர் தமிழ்ப் பெயர் இயக்கம் வந்தது. திருமாவளவன் தம் தந்தை ராமசாமியின் பெயரைத் தொல்காப்பியன் என மாற்றினார். இன்றைய இளம் பெற்றோர் பலர் ‘ஷ்’ என முடியும் பெயர்களைத் தேடுகிறார்கள். காரணம் நாகரிகம் மட்டுமல்ல. ‘அம்பேத்கர்’ என்றால் வேலைக்கான நேர்காணலில் சாதி தெரிந்துவிடுமே என்ற அச்சம்.

அந்த அச்சத்துக்காக நாம் பெற்றோரைக் குறைசொல்லமாட்டோம். காந்தி, நேரு, போஸ் என்று எல்லாத் தெருக்களிலும் பிள்ளைகள் உண்டு. எல்லோருக்குமான அரசமைப்பை எழுதியவரின் பெயர் பெரும்பாலும் நம் தெருவிலேயே நிற்கிறது. கேள்வியை அந்தத் தெருக்களிடம்தான் கேட்கவேண்டும்.