சாமி வெள்ளி: யார் பெயர், யார் கை

ஓசூரில் உட்கார்ந்துகொண்டு மெட்ராஸ் மவுண்ட் ரோட்டு வெள்ளிச் சாமானைப் பற்றி எழுதக் காரணம் இருக்கிறது. டைட்டன் 1980களில் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கி, 1990களில் நகைக்குள் நுழைந்தது. கடிகாரமும் நகையும் ஒரே கம்பெனிப் பெயருக்குள் வருவது தமிழ்நாட்டுக்குப் புதுசில்லை. 1840களில் மெட்ராஸில் காலூன்றிய பீட்டர் ஆர் என்ற வெள்ளைக்காரக் கடிகாரக்காரரின் பி.ஆர். அண்ட் சன்ஸ் இதைத்தான் செய்தது.

கம்பெனிக்குப் பேர் வாங்கித் தந்தது 'சாமி' வேலைப்பாடு. டீ கெட்டில், பால் ஜாடி, சர்க்கரைக் கிண்ணம் எல்லாம் விக்டோரிய மேசையின் வடிவம். உடம்பு முழுக்கக் கோபுரத்துச் சுதைபோல வரிசையாகச் சாமிகள். நாகம் வளைந்து கைப்பிடியாகும். வெள்ளியைத் தட்டிப் புடைக்க வைத்து, அரக்கின் மேல் நிறுத்தி, வெளிப்பக்கம் சின்ன உளியால் கண்ணும் மூக்கும் திறப்பார்கள். உற்சவ மூர்த்திக்குக் கவசம் அடிக்கிற அதே நகாசு வேலை. கருவறைக்குப் போக வேண்டிய கை, துரைசானியின் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் போயிற்று. இந்த இடப்பெயர்ச்சியை எந்தக் கலை வரலாறாவது நின்று யோசித்திருக்கிறதா?

'ஸ்டெர்லிங்' என்றால் 1000க்கு 925 பங்கு வெள்ளி. இங்கிலாந்தில் அதைச் சோதித்து முத்திரை குத்தச் சட்டபூர்வ நிலையங்கள் இருந்தன. காலனி இந்தியாவில் அந்த ஏற்பாடு கிடையாது. அன்றைய வெள்ளி ரூபாயே 1000க்கு 917தான். நாணயத்தை உருக்கிப் பாத்திரம் அடிப்பது சகஜம். ஆக, பழம்பொருள்காரர்கள் லென்ஸ் வைத்துத் தேடும் கம்பெனி முத்திரை, கம்பெனி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட சாட்சி. பாத்திரத்தைக் கவிழ்த்தால் அது தெரியும். அடித்த ஆசாரியின் பெயர் தெரியாது.

"பெயர் போடாதது நம்ம சிற்பிகளோட பணிவு" என்பார்கள் மரபுவாதிகள். எனக்கு ஒப்புதலில்லை. இவர்கள் வாயில்லாப் பூச்சிகளா என்ன? 1810களிலேயே, இங்கிருந்து அதிக தூரமில்லாத சித்தூரில், தங்கள் வீட்டுக் கல்யாணத்தைத் தாங்களே நடத்தும் உரிமைக்காகக் கோர்ட்டு ஏறியவர்கள் கம்மாளர்கள். ஊர்க் கோயிலில் பெயர் வெட்டாவிட்டாலும் செய்தவர் யாரென்று ஊருக்குத் தெரியும். மவுண்ட் ரோட்டில் அந்த இடம் காலியாக விடப்படவில்லை. வேறொருவர் பெயர் அதில் ஏறி உட்கார்ந்தது.

வேல்ஸ் இளவரசர் 1875–76இல் இந்தியா வந்து வாங்கிப் போன பரிசுகள் 1878 பாரிஸ் கண்காட்சியில் வைக்கப்பட்டன. அதற்குக் கையேடு எழுதிய ஜார்ஜ் பேர்ட்வுட், ஐரோப்பிய ரசனை இந்தியக் கைவினையைக் கெடுக்கிறது என்று கவலைப்பட்டவர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் கட்டமைத்த 'தூய' கைவினைஞன் காலமில்லாத கிராமத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டே இருப்பவன், கூலி கேட்காதவன். வியாபாரி அவன் பெயரை எடுத்துக்கொண்டான் என்றால், ரசிகர் அவன் காலத்தை எடுத்துக்கொண்டார்.

ஓசூர் சிப்காட்டிலிருந்து வெளியேறும் எந்தப் பொருளையும் திருப்பிப் பாருங்கள். பிராண்ட் இருக்கும், வரிசை எண் இருக்கும். ஏல அட்டவணைகளிலும் சாமி வெள்ளிக்கு நேரே 'செய்தவர்' என்ற இடத்தில் இன்றைக்கும் அச்சாவது பி.ஆர். அண்ட் சன்ஸ்.