கஞ்சிக் காலத்துப் பிள்ளைகளும் ஐந்தாம் வகை நீரிழிவும்

ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சியைக் கையில் வாங்கும்போது, 2009 இல் கஞ்சி வரிசையில் நின்ற கர்ப்பிணித் தாய்மார் என் நினைவுக்கு வருவார்கள். அன்று வயிற்றிலிருந்த பிள்ளைகள் இன்று பதின்ம வயதின் நடுவைத் தாண்டிவிட்டார்கள். அந்தப் பசி அவர்களின் உடலில் எதை விட்டுச் சென்றது? இந்தக் கேள்விக்கு நெருக்கமான ஆய்வொன்று தமிழ்நாட்டின் வேலூரில் நடந்திருக்கிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் நிஹால் தோமஸ், மெலிந்த உடலுடைய நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்தவர். நியூயோர்க்கின் அல்பேர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மெரடித் ஹோக்கின்ஸும் அவருடைய குழுவும் சேர்ந்து 2022 இல் வெளியிட்ட ஆய்வில், உடற்திணிவுச் சுட்டி 19 இலும் குறைந்த நோயாளிகள் சோதிக்கப்பட்டனர். இரண்டாம் வகையில் பொதுவாக இன்சுலின் சுரந்தாலும் உடல் அதற்குச் சரியாக இசையாது. இவர்களின் உடலோ இன்சுலினுக்கு நன்றாக இசைந்தது, சுரப்புத்தான் போதவில்லை. முதலாம் வகையைப் போல அது முற்றாக நின்றுவிடவும் இல்லை.

இந்நோய் 1955 இல் ஜமேக்காவில் விபரிக்கப்பட்டது. உலக சுகாதார நிறுவனம் 1985 இல் இதைத் தனி வகையாக ஏற்று, 1999 இல் நீக்கியது. 2025 ஜனவரியில் வேலூரில் கூடிய நிபுணர்கள் மீண்டும் வலியுறுத்த, ஏப்ரலில் பாங்கொக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவு சம்மேளனம் இதை ஐந்தாம் வகை நீரிழிவு என அங்கீகரித்தது.

சதையி என்று பாடசாலையில் படித்தோமே, அந்தக் கணையம் கருவிலேயே உருவாகிறது. இன்சுலின் சுரக்கும் கலங்கள் கருவிலும் குழந்தைப் பருவத்திலும்தான் பெருமளவு பெருகுகின்றன. அப்போது போசாக்குக் குறைந்தால் அவை போதியளவு வளராமல் போகலாம். 1944-45 இல் நெதர்லாந்தில் பட்டினி நிலவியபோது கருவிலிருந்தவர்களை ஐம்பது வயதளவில் சோதித்தபோது, குளுக்கோசைக் கையாளும் திறன் குறைந்திருந்தது.

பசியில் வளர்ந்த எல்லோருக்கும் நீரிழிவு வரும் என்பதல்ல இதன் பொருள். ஆனால் மெலிந்த பிள்ளைக்குச் சீனி வருத்தம் வராது என்று இருந்துவிடக் கூடாது. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், காரணமில்லாத நிறைக்குறைவு இருந்தால் உடனே இரத்தச் சீனியைப் பரிசோதியுங்கள். ஐந்தாம் வகையினர் சிலருக்குச் சிறிதளவு இன்சுலினே போதும்; அளவு மிஞ்சினால், அதுவும் சாப்பாடு குறைந்த வீட்டில், சீனி ஆபத்தாக இறங்கிவிடும். அதற்காக மருந்தை நீங்களாகவே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம். பிறந்த நிறையையும் பட்டினி கிடந்த காலத்தையும் வைத்தியருக்குச் சொல்லுங்கள்.

பிறந்த நிறை எழுதிய அட்டை எங்களில் பலரிடம் இல்லை, இடப்பெயர்வில் போய்விட்டது. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கிளினிக் போகும்போது அந்தத் தாளையும் கொண்டு போங்கள்.