ஆடாத ஊசல்: பாங்காக்கில் ஒரு கடைசி நாள்

நம் இலக்கிய வட்டத்தின் ஐந்தாமாண்டு மலரில் பாவைப் பாடல்கள் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதியிருந்தேன். அதன் இறுதிப் பத்தியில், "சயாம் நாட்டில் இன்றும் ஆண்டுதோறும் மாபெரும் ஊசல் விழா நடைபெறுகிறது, அந்நாட்டு மக்கள் திருவெம்பாவையைப் பொருளுணர்ந்து பாடி மகிழ்கின்றனர்" என்று ஒரு தொடர் உண்டு. அவ்வாண்டு மார்கழிக் கூட்டத்தில் அத்தொடரை நான் வாசித்தபோது அவையோர் கைதட்டியதும், நம் மூத்த கவிஞர் ஒருவர் எழுந்து அதனையே ஒரு வெண்பாவாக்கிச் சொன்னதும் பலருக்கும் நினைவிருக்கலாம். அத்தொடரில் மூன்று பிழைகள் உள்ளன. பத்தாண்டு நிறைவு மலருக்குக் கட்டுரை வேண்டி மலர்க்குழுவினர் மடல் விடுத்தபோது, இதனை விட்டு வேறு பொருள் பற்றி எழுத என் மனம் ஒப்பவில்லை.

கல்லூரியின் கோடை விடுமுறையில் ஒரு கருத்தரங்கின் பொருட்டுப் பாங்காக் சென்றிருந்தேன். நான்கு நாள்களும் குளிரூட்டிய அரங்கிலேயே கழிந்தன. ஐந்தாம் நாள் இரவு பத்தரை மணிக்கு வானூர்தி. இடைப்பட்ட பகற்பொழுது முழுதும் எனக்கே உரியது. உடன் வந்த பேராசிரியர்கள் பிரத்துநாம் துணிச்சந்தைக்குப் புறப்பட்டனர். பெட்டியில் இடமில்லை என்று சொல்லி நான் விலகிக்கொண்டேன். உண்மையில் இடம் இருந்தது. ஊசல் மரத்தைக் காணாமல் ஊர் திரும்பினால் மாணவியர் கேட்பார்கள் என்ற எண்ணமே என்னை இழுத்தது.

முதலில் சீலோம் சாலையிலுள்ள மாரியம்மன் கோயிலுக்குச் சென்றேன். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்குக் குடியேறிய தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. கோபுரம் நம்மூர்க் கோபுரமே. வாயிலில் மாலை தொடுத்து விற்போரும் உண்டு. ஆனால் உள்ளே தமிழரைத் தேட வேண்டியிருந்தது. தட்டில் தேங்காயும் பழமும் ஏந்தி நின்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தாய்லாந்து நாட்டினர். அவர்கள் இதனை 'வாட் கேக்' என்கின்றனர். 'வாட்' என்பது கோயில். 'கேக்' என்பது விருந்தினரையும் குறிக்கும், இந்தியர் முதலான மேற்றிசையினரையும் குறிக்கும். விருந்து என்னும் நம் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லி வருகிறேன். நூறாண்டுக்கு மேலாகியும் அந்நகரில் நாம் இன்னும் புதியவர்களே போலும்!

சீலோமிலிருந்து நிலத்தடி இருப்புவழியில் சாம்யோட் நிலையத்தில் இறங்கினால் பழைய நகரம் தொடங்கிவிடுகிறது. பம்ருங் முவாங் சாலையின் இருபுறமும் புத்தர் படிமங்கள் விற்கும் கடைகள். ஆளுயரத்துக்கு மேற்பட்ட பொன்னிறப் புத்தர்கள் தூசு படியாதிருக்க மஞ்சள் நெகிழித்தாள் போர்த்தி நடைபாதையில் வரிசையாக அமர்ந்திருக்கின்றனர். வேகாத வெயிலில் அவர்களுக்கிடையே நடந்து சென்றால், சாலையின் நடுவே செந்நிறத்தில் இரு பெருங்கம்பங்கள் தோன்றுகின்றன. அதுவே 'சாவ் சிங்சா'. 'சாவ்' எனில் தூண். 'சிங்சா' எனில் ஊஞ்சல்.

கம்பங்களின் உச்சியில் செதுக்கு வேலைப்பாடு அமைந்த குறுக்குவிட்டம் இருக்கிறது. கயிறு இல்லை. பலகை இல்லை. கீழே ஊர்திகள் சுற்றிச் சுற்றிச் செல்கின்றன. பள்ளிச் சீருடையில் இருந்த சிறுமி ஒருத்தி அதனைத் திரும்பியும் பாராமல் பனிக்கூழ் தின்றுகொண்டு போனாள். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நெடுநேரம் நின்றேன்.

முதலாம் இராமர் என வழங்கப்பெறும் அரசர் 1782-இல் பாங்காக்கைத் தலைநகராக்கினார். 1767-இல் பர்மியப் படையெடுப்பால் அயுத்தியா அழிந்தபோது சிதறிப்போன அரசச் சடங்குகளை மீட்டெடுக்க வேண்டிய பொறுப்பு அவருக்கிருந்தது. 1784-இல் அந்தணர் கோயிலும் அதன் முன் ஊசலும் எழுந்தன. 1920-இல் ஊசல் இப்போதுள்ள இடத்துக்கு மாற்றப்பட்டது. நான் கண்ட மரங்களோ மிக அண்மையில் நட்டவை. பழைய மரம் உளுத்துப்போகவே, வடபகுதியிலுள்ள பிரே மாவட்டத்திலிருந்து ஆறு தேக்கு மரங்கள் கொணர்ந்து 2005 முதல் 2007 வரை முற்றிலும் புதிதாக அமைத்தனர். பழைய மரத்தைத் தேசிய அருங்காட்சியகத்தில் வைத்துக் காக்கின்றனர்.

விழா நடந்த விதத்தைக் குவாரிட்ச் வேல்ஸ் என்னும் ஆங்கிலேய அறிஞர், சயாமிய அரசச் சடங்குகள் பற்றி 1931-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்துள்ளார். ஆண்டுக்கொரு முறை சிவபெருமான் பத்து நாள்கள் மண்ணுலகுக்கு வருகிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. அவன் பொருட்டுப் பிரபு ஒருவர் ஊர்வலமாக வந்து ஒரு காலை மடித்து மற்றொரு முழங்காலின் மேல் வைத்து அமர்வார். ஆட்டம் முடியுமுன் அக்காலை ஊன்றிவிட்டால் அவர் பொருளை அந்தணர் பறித்துக்கொள்ளலாம்! நாக வடிவத் தலையணி தரித்த இளைஞர்கள் பலகையில் ஏறி ஊசலை உந்தி உந்தி வானளாவ ஆடுவர். எதிரே உயர்ந்த மூங்கிலில் காசுப்பை ஒன்று தொங்கும். அதனைக் கையால் தொடலாகாது. பல்லால் கவ்வ வேண்டும். உலகம் உறுதியாக நிற்கிறதா என இறைவன் ஒற்றைக்காலில் சோதித்த கதையை இது நடித்துக் காட்டுவதாகச் சொல்வர். திருப்பொன்னூசல் பாடிய மணிவாசகர் இதனைக் கண்டிருப்பின் என்ன பாடியிருப்பாரோ! நம் ஊசலில் மகளிர் ஆடுவர். அங்கு ஆடவர் உயிரைப் பணயம் வைத்து ஆடினர். விழுந்து இறந்தோரும் உண்டு.

1932-இல் அரசரின் வரம்பிலா ஆட்சி முடிவுற்றது. 1935-க்குப் பின் ஊசலாட்டம் நிறுத்தப்பட்டது. நான் பிறப்பதற்கும் நெடுங்காலம் முன்பே நின்றுபோன ஒன்றைத்தான் 'இன்றும் நடைபெறுகிறது' என எழுதி, நும்மிடம் கைதட்டலும் பெற்றேன். எங்கிருந்து எடுத்தேன் என எண்ணிப் பார்க்கிறேன். முன்னோர் ஒருவர் நூலிலிருந்து எடுத்தேன். அவர் தமக்கு முந்தையவர் நூலிலிருந்து எடுத்திருப்பார். அவருள் யாரோ ஒருவர் 1935-க்கு முன் எழுதியது மெய்யாகவே இருந்திருக்கும். 'இன்றும்' என்னும் சொல்லை மட்டும் நாங்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு அப்படியே மாற்றிக்கொண்டே வந்திருக்கிறோம்.

கருத்தரங்கில் அறிமுகமான தாய்லாந்துப் பேராசிரியை ஒருவர், முற்பகல் பதினொரு மணிக்கு அங்கு வருவதாகச் சொல்லியிருந்தார். மொழியியல் கற்பிப்பவர், ஏறத்தாழ என் வயதினர். சொன்னபடியே குடையுடன் வந்தார். என்னை 'ஆஜான்' என்றே விளிப்பார். கற்பிப்போரை அந்நாட்டார் அழைக்கும் சொல் அது. ஆசாரியர் என்னும் சொல் அவர்கள் நாவில் அவ்வாறாயிற்று. நம் 'ஆசான்' அருகிலேயே நிற்கிறது. இருவரும் தின்சோ சாலையைக் கடந்து அந்தணர் கோயிலுக்குள் நுழைந்தோம்.

அதன் பெயர் 'தேவசதான்', நம் தேவஸ்தானம்தான். வெள்ளையடித்த மூன்று கட்டடங்கள், ஓட்டுக்கூரை. பெரியது சிவபெருமானுக்கு, நடுவில் உள்ளது பிள்ளையாருக்கு, மூன்றாவது திருமாலுக்கு. கோபுரமில்லை, கொடிமரமில்லை. பெரிய கோயிலின் முகப்பில் மட்டும் சுதையில் அம்மையப்பரும் காளையும். ஒரு பசு மேயும் அளவு புல்வெளி. யாரோ உதிர்த்துவிட்டுப் போன சாமந்தி இதழ்கள். சிவன் கோயில் கதவு அன்று சாத்தியிருந்தது.

ஆண்டுதோறும் இக்கதவின் பின்னால் அரசவை அந்தணர் பதினைந்து நாள்கள் வழிபாடு நடத்துகின்றனர். முதற்பத்து நாள்கள் சிவனுக்கு. அதன் பெயர் 'த்ரீயம்பவாய்'. அடுத்த ஐந்து நாள்கள் திருமாலுக்கு. அதன் பெயர் 'த்ரீபவாய்'. திருவெம்பாவை, திருப்பாவை என்பனவே இவை என 1950-களில் தனிநாயக அடிகளார் எடுத்துரைத்தபோது தமிழுலகம் வியந்தது. பின்னர் மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சிங்காரவேலு இவ்வழிபாட்டை நம் நாட்டு வழிபாட்டோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். பாங்காக் அந்தணரிடமுள்ள வடமொழி, தமிழ்ப் பாடங்களைப் புதுச்சேரிப் பிரெஞ்சு இந்தியவியல் நிறுவனம் 1972-இலேயே நூலாக்கிவிட்டது. புதுச்சேரி எனக்கு ஒரு நாள் பேருந்துப் பயணம். பாங்காக் செல்லும் வரை நான் அந்நூலைப் புரட்டியதில்லை என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

பேராசிரியை என் குறிப்பேட்டை வாங்கி 'த்ரீயம்பவாய்' என்பதைத் தம் எழுத்தில் எழுதி, ஒவ்வோர் எழுத்தின் ஒலியையும் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசி அசைக்கு வந்தபோது நான் அவரை நிறுத்தினேன். 'வை' என்றா சொன்னீர்கள்? இல்லை, நெடில், 'வாய்' என்றார். மீண்டும் ஒரு முறை சொல்லச் சொன்னேன். அதே ஒலிதான்.

நூலின் பெயர் திருவெம்பாவை. ஏட்டின் தலைப்பைக் கண்டு பெயர் வைத்தவர் 'பாவை' என்றன்றோ வைத்திருப்பார்? 'பாவாய்' என்பது விளி. திருவெம்பாவையின் இருபது பாட்டுகளும் அந்த விளியில்தான் முடிகின்றன. பாட்டு ஓய்ந்த பிறகும் காதில் நிற்பது அதுவே. திருமாலுக்குரிய 'த்ரீபவாய்' என்பதும் அவ்வாறே. இப்பெயர்களை அந்நாட்டில் வழங்கத் தொடங்கியவர்கள் ஏட்டைப் படித்தவர்கள் அல்லர், பாடக் கேட்டவர்கள் என்று நான் கருதுகிறேன். எங்கோ ஒரு விடியற்காலையில் வாய்விட்டுப் பாடிய குரல்கள் அப்பெயரில் பதிந்திருக்கின்றன. என் கருத்தை வல்லுநர் மறுப்பாராயின் கேட்கக் காத்திருக்கிறேன். ஆனால் அந்த நெடிலைக் கேட்ட நொடியில் எனக்கு மெய்சிலிர்த்தது என்பதை யாரும் மறுக்கவியலாது.

"இதற்கு என்ன பொருள்?" என்று அவர் கேட்டார். மார்கழியில் பெண்கள் விடியுமுன் எழுந்து, உறங்கும் தோழியின் வீட்டு வாயிலில் நின்று எழுப்புகிறார்கள், பிறகு கூடி நீராடப் போகிறார்கள் என்றேன். அவர் வியப்புடன் சாத்திய கதவைப் பார்த்தார். அந்தணர் இப்பாடலை ஓதுவது கயிலாயத்தின் கதவைத் திறப்பதற்காக என்றுதான் தாங்கள் அறிந்திருப்பதாகச் சொன்னார். 1926-இல் நடந்த முடிசூட்டு விழாவில் தலைமை அந்தணர் 'கயிலைவாயில் திறத்தல்' என்னும் தமிழ் மந்திரத்தை ஓதியதாக வேல்ஸ் எழுதியிருப்பதும் இதுவே. தோழியின் வீட்டுக் கதவு கயிலையின் கதவாகியிருக்கிறது! பொருளை மறந்தவர்கள் கதவை மட்டும் மறக்கவில்லை.

பொருள் மறைந்ததற்குக் காரணங்கள் உண்டு. பாடல்கள் அங்குக் கிரந்த எழுத்தில் எழுதப்பட்டன. வடமொழிக்கென அமைந்த அவ்வெழுத்தில் ழகர றகர னகரங்களுக்குத் தனியிடம் இல்லை. தாய்மொழியிலோ சொல்லின் ஈற்றில் ரகரமும் லகரமும் வந்தால் னகரமாக ஒலிக்கும். நகரம் அங்கு 'நகோன்' ஆனது இவ்வாறுதான். 'நகர ஸ்ரீ தர்மராஜ' என்பது 'நகோன் சி தம்மராட்' ஆயிற்று. முதலாம் இராமர் அவைக்கு அந்தணர் வந்தது அத்தென்னகத்திலிருந்தே என்பர். இராசேந்திரன் 1025-இல் அனுப்பிய கடற்படை வென்ற ஊர்களுள் ஒன்றாக மெய்க்கீர்த்தி கூறும் மாதமாலிங்கமும் அப்பகுதியே என்பது அறிஞர் பலர் கருத்து. அதற்கும் முன்னே, 9-ஆம் நூற்றாண்டில், தக்குவாபாவில் அவனிநாரணம் என்னும் குளம் தோண்டி மணிக்கிராமத்தாரின் காவலில் வைத்த செய்தியைத் தமிழ்க் கல்வெட்டொன்று கூறுகிறது. படை ஓராண்டில் திரும்பிவிடும். குளம் வெட்டியவர்கள் தங்கியிருப்பார்கள். பாட்டு அவர்களோடுதான் போயிருக்க வேண்டும்.

பிற்பகல் எதிரிலுள்ள வாட் சுதத் விகாரைக்குச் சென்றோம். சுகோதையிலிருந்து ஆற்றுவழியே கொணர்ந்த பெரும் புத்தர் அங்கு அமர்ந்துள்ளார். அதன் கதவுகளுள் ஒன்றை இரண்டாம் இராமர் தம் கையாலேயே செதுக்கினார் என்பது வரலாறு. அவர் அரசர் மட்டுமல்லர். இராமகாதையைத் தம் மொழியில் நாடகமாக்கிய கவிஞர். 1959-இல் தீப்பட்ட அக்கதவு இப்போது அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அன்று முழுவதும் எனக்குக் கதவுகளாகவே வாய்த்தன. திடீரெனப் பெய்த மழைக்கு விகாரையின் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம். மழைத்திரைக்கப்பால் ஊசற்கம்பங்கள் மங்கலாகத் தெரிந்தன. 'ஆஜான், உங்கள் ஊரில் அந்தப் பெண்கள் இன்றும் பாடுகிறார்களா?' என்று அவர் கேட்டார். 'இன்றும்' என்ற சொல்லைக் கேட்டதும் எச்சரிக்கையானேன். கோயில்களில் ஓதுவார் பாடுகின்றனர், ஒலிபெருக்கியில் பாடுகிறது, பள்ளிகளில் போட்டி வைக்கிறார்கள், சில ஊர்களில் பெண்கள் கூடிப் பாடுவதும் உண்டு, என் தெருவில் இல்லை என்றேன். அவர் தலையசைத்தார். மழை விட்டதும் மாம்பழமும் பசையரிசிச் சோறும் வாங்கித் தந்து என்னை வழியனுப்பினார்.

சுவர்ணபூமி வானூர்தி நிலையத்தில், பாற்கடல் கடையும் தேவாசுரரின் பெருஞ்சிற்பத்துக்கு அருகே ஓர் இருக்கையில் அமர்ந்து இதனை எழுதினேன்: ஐந்தாமாண்டு மலரை வைத்திருப்போர், என் கட்டுரையின் இறுதிப் பத்தியிலுள்ள அத்தொடரை அடித்துவிட்டு, "பாங்காக்கில் ஊசலாட்டம் 1935-க்குப் பின் நடைபெறவில்லை, திருவெம்பாவைப் பாடல்களை அரசவை அந்தணர் கோயிலினுள் ஓதுகின்றனர், சொற்களின் பொருள் அவர்களிடையே வழங்கவில்லை" என்று ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். வெண்பா எழுதிய கவிஞர் பெருமான் என்னை மன்னிக்க. ஈற்றடியை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன்.