மரபுக்குள் ஓர் அணு

சாயங்காலம் நான்கு மணி தாண்டினால் வேலியோரத்து அந்திமந்தாரை விரியத் தொடங்கும். மிளகுபோல் கறுத்துச் சுருங்கிய அதன் விதையை உடைத்தால் உள்ளே வெள்ளை வெளேரென்று மாவு. குளம்பு வடிவ இலை கொண்ட மந்தாரை மரத்துக்கும் இதற்கும் உறவு கிடையாது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிக்கு, தெரிந்த பூவின் பெயரையே தமிழ் சூட்டிவிட்டது. 1753இல் லின்னேயஸ் இட்ட பெயர் ‘மிராபிலிஸ் ஜலாப்பா’. மிராபிலிஸ் என்றால் வியப்புக்குரியது.

அந்த வியப்பை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்ல் காரன்ஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் எடுத்துக்காட்டினார். சிவப்புப் பூச்செடியையும் வெள்ளைப் பூச்செடியையும் கலந்தால் பிறப்பதெல்லாம் இளஞ்சிவப்பு!

மரபியலின் முன்னோடி மெண்டலின் பட்டாணிச் சோதனையில் இப்படி நடக்கவில்லை. அங்கே ஒரு பண்பு மேலெழும், மற்றது மறையும். 1866இல் அச்சான கட்டுரையில் அவர் முன்னதற்கு இட்ட சொல்லின் லத்தீன் வேரில் வீட்டு எஜமானன் இருக்கிறான். தமிழ் அந்த எஜமானனை உள்ளே விடவில்லை. ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்றது. ஒடுங்கியது அழிந்ததாகாது, பிறகு தலைகாட்டும். அந்த நுட்பம் சொல்லிலேயே அமைந்திருப்பது அழகு.

ஆனால் அந்திமந்தாரைக்கு வாய்த்த ‘முழுமையற்ற ஓங்குதன்மை’ அவ்வளவு நல்ல பெயர் இல்லை. செடியில் ஏதோ குறை இருப்பதுபோல் ஒலிக்கிறது. சிவப்பு நிறமிக்கான மரபணு இரண்டுக்குப் பதில் ஒன்றே இருப்பதால் நிறமி குறைகிறது, பூ வெளிறுகிறது, அவ்வளவுதான்.

1909இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் யோஹான்சன், நெதர்லாந்தின் டி விரீஸ் வழங்கிய ‘பான்ஜென்’ என்ற சொல்லின் தலையைக் கிள்ளி ‘ஜென்’ ஆக்கினார். அது எதனால் ஆனது என்று எந்த ஊகமும் சொல்லில் ஒட்டக்கூடாது என்பது அவர் கவனம். தமிழில் அது ‘ஜீன்’ ஆயிற்று, ‘மரபணு’வும் ஆயிற்று. ஒரு மரபணுவுக்குள் ஆயிரக்கணக்கில் வேதியணுக்கள் உண்டே என்று கேட்கலாம். அணு என்பதன் பழைய பொருள் மிகச் சிறிய துகள். அந்தப் பொருளில் இது துல்லியமான சொல்.

ஏனென்றால் மரபு துகள்களாகவே கடக்கிறது, கரைந்து கலப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டில் பலரோ, பெற்றோரின் இயல்புகள் டிகாக்‌ஷனும் பாலும்போல் பிரிக்க முடியாதபடி கலந்துவிடும் என்றே நம்பினார்கள். இளஞ்சிவப்பைப் பார்த்தால் நமக்கும் அப்படித்தான் தோன்றும். அந்த இளஞ்சிவப்புச் செடிகளைத் தமக்குள் சேர்த்து, விதையை நட்டுப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ நான்கில் இரண்டு இளஞ்சிவப்பு, ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை. அந்த வெள்ளையில் சிவப்பின் சாயல் துளிகூட இருக்காது.