மறைநூல் ஓதலும் மௌனமும்: மலாயாவில் நிகழ்ந்த ஒரு சந்திப்பு

மலாக்கா நகருக்கு வடமேற்கே கடலோரமாக அமைந்த தஞ்சோங் கிளிங்கின் பெயரிலேயே நம்மவர் வருகையின் சுவடு உண்டு. தென்னிந்தியரைக் குறிக்க மலாய் மொழியில் நெடுங்காலம் வழங்கிய 'கிளிங்' என்னும் சொல் கலிங்கத்தினின்று பிறந்தது என்பர். (இன்று அது இழிசொல்லாக ஒலிப்பது வேறு செய்தி.) இந்நீரிணை வழியே துணியும் வாசனைப் பொருளும் மட்டுமின்றி, வழிபாட்டு முறைகளும் பயணம் செய்தன. அவற்றுள் தமிழாய்வாளர் அதிகம் நோக்காத ஒன்றாகிய, கிறித்துவ மரபின் மறைநூல் தியானத்தை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

மேலை மடங்களில் இதற்கு 'லெக்சியோ திவினா' என்று பெயர். ஆறாம் நூற்றாண்டில் எழுந்த புனித பெனடிக்டின் மட ஒழுங்கு இதற்கெனத் தனிப் பொழுதுகளை வகுத்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் குயிகோ என்னும் கார்த்தூசியத் துறவி அதனை வாசித்தல், சிந்தித்தல், செபித்தல், ஆழ்ந்திருத்தல் என நான்கு படிகளாக்கினார். சைவ சித்தாந்தம் பயின்றோர்க்கு இவ்விடத்தில் சிவஞான சித்தியார் கூறும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை ஆகியன நினைவுக்கு வாராமல் இரா. ஆயின் ஒப்புமையை விரைந்து முடித்துவிடலாகாது. குயிகோவின் மூன்றாம் படி இறைவனை நோக்கிய வேண்டுதல். சித்தியாரின் மூன்றாம் படியோ ஐயம் நீங்கிய தெளிவு. முதற்படியிலும் வேறுபாடுண்டு. அங்கே கையில் ஏடு. இங்கே எதிரில் குரு.

எழுத்தறியாத மக்களிடையே மறைநூல் எவ்வாறு தியானமாக இயலும் என்னும் வினா எழலாம். தமிழகக் கடற்கரை இதற்கு ஒரு விடை தருகிறது. 1542-ஆம் ஆண்டின் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இருமொழி அறிந்தோர் துணையுடன் அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கி, மனப்பாடம் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டிச் சொல்லுக்குச் சொல் திரும்பக் கூறச் செய்தார். விசுவாச அறிக்கையின் ஒவ்வொரு கூற்றுக்கும் இடையே, மத்தேயு நற்செய்தியில் காணப்படும் இயேசு கற்பித்த செபம் ஓதப்பட்டது. ஆகவே, 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சேறுமுன்பே மறைநூலின் ஒரு பகுதி தமிழரின் நாவில் ஏறிவிட்டது. 1545-இல் சவேரியார் மலாக்காவுக்கு வந்தபோது அதே முறையை மலாய் மொழியில் தொடர்ந்தார். அவர் பாரிசில் இஞ்ஞாசியாரிடம் பயின்ற 'ஆன்மிகப் பயிற்சிகள்' ஒரு செபத்தின் ஒவ்வொரு சொல்லிலும் தங்கி நிற்கவும், மூச்சுக்கொரு சொல்லாக ஓதவும் வழி கூறுகின்றன. அவர் இக்கரை மக்களுக்கு அதனையே கற்பித்தார் என நாம் துணியவில்லை. அத்தகைய பயிற்சியில் தோய்ந்த ஒருவர் வழியாக அச்செபங்கள் வந்தன என்பதே நாம் வலியுறுத்துவது.

நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் இப்பொருள் மலாயாவிலேயே எதிர்பாராத திருப்பம் கண்டது. 1950-களின் நடுவில் பிரித்தானியக் காலனித்துவப் பணியில் இருந்த ஜான் மெயின் (1926–1982) என்னும் கத்தோலிக்க இளைஞர், அலுவல் நிமித்தம் கோலாலம்பூரின் புறத்தே இருந்த சுத்த சமாஜத்துக்குச் சென்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய அமைப்பு அது. ஆதரவற்ற குழந்தைகளைப் பேணி வந்தது. அலுவல் முடிந்ததும் பேச்சு செபத்தின்பால் திரும்பியது. மெயின் தாம் அறிந்த இஞ்ஞாசிய முறையை விளக்கினார். சற்று மௌனமாயிருந்த சுவாமி, தம் மரபு வேறு என்றார். உள்ளத்தில் உறையும் பரம்பொருளை மௌனத்தில் உணர்தலே தியானம் என்றார். தமக்கும் கற்பிக்க இயலுமா என மெயின் வினவியபோது, சுவாமி அவரை மதம் மாறச் சொல்லவில்லை. கிறித்துவச் சொல் ஒன்றையே மந்திரமாகக் கொள்ளுமாறு பணித்தார். காலையும் மாலையும் அரைமணி நேரம் அமர வேண்டும், அச்சொல் ஒன்றே ஒலிக்க வேண்டும் என்பன விதிகள். வாரந்தோறும் சீடர் வந்து உடன் அமர்ந்தார்.

1959-இல் மெயின் பெனடிக்டின் சபையில் சேர்ந்தார். இம்முறை கிறித்துவத்துக்கு உரியதன்று எனப் பயிற்சியாளர் கூறவே, கீழ்ப்படிந்து கைவிட்டார். பல ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவில் இருந்தபோதுதான் ஜான் காசியனின் நூலில் அவர் தேடியது கிடைத்தது. எகிப்தியப் பாலைவனத் துறவியரிடம் கற்றுக் காசியன் ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய பத்தாம் உரையாடல், திருப்பாடல் 70-இன் தொடக்க வரி ஒன்றையே இடைவிடாது உருவேற்றுமாறு கூறுகிறது. மெயின் 'மாரநாதா' என்னும் அரமேயச் சொல்லைத் தெரிந்துகொண்டு, 1975-இல் இலண்டனின் ஈலிங் மடத்தில் தியானக் குழுவைத் தொடங்கினார்.

இது கடனா, மீட்பா? மேலை ஆய்வாளர் சிலர் காசியனை முன்னிறுத்திச் சுவாமியை ஓரிரு வரிகளில் கடந்துவிடுகின்றனர். நம்மவர் சிலரோ இதனை இந்து சமயத்தின் கொடை என உரிமை கொண்டாட விழைகின்றனர். இவ்விரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. காசியனின் நூல் மட நூலகங்களில் என்றும் இருந்தது. பூச்சோங் சாலையில் அமர்ந்து பழகிய ஒருவருக்கே அப்பக்கம் வழிகாட்டியது. மெயினும் இதனை மறைத்தவர் அல்லர். 1976-இல் அமெரிக்காவின் கெத்செமனி மடத்தில் ஆற்றிய உரைகளைச் சுவாமியிடமிருந்தே தொடங்கினார்.

தமிழாசிரியர்கள் கருதத்தக்க ஒன்று இதில் எஞ்சுகிறது. சுவாமி கற்பித்ததை வடமொழியாளர் 'ஜபம்' என்பர். ஒரு சொல்லை உருவேற்றல் என்பதே அதன் பொருள். அச்சொல்லே ஒலி திரிந்து 'செபம்' எனவும் 'ஜெபம்' எனவும் தமிழ்க் கிறித்தவரின் இறைவேண்டல் அனைத்துக்கும் பொதுப்பெயராக நெடுங்காலமாய் வழங்கி வருகிறது. மெயினின் பயிற்சியாளர் அயலது என ஒதுக்கியதன் பெயரைத்தான் மலாக்காவின் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் ஒவ்வொரு மாலையும், 'செபம் சொல்ல வா' எனப் பிள்ளையை அழைக்கையில் உச்சரிக்கிறது.