தாச்சிங்கில் கேட்ட கேள்வி

சாப்பாட்டைக் குறைச்சாப் போதுமா, இல்லாட்டி ஓடவும் வேணுமா? ஜிம்முக்குக் காசு கட்டுவமா எண்டு யோசிக்கிற எங்கட வயதுக்காரரும் இதைத்தான் கேட்கிறார்கள். கிளினிக்கில் "சீனி கூடிட்டுது" எண்டு கேள்விப்பட்டு வீட்டுக்கு வருகிற அப்பா அம்மாமாரும் இதைத்தான் கேட்கிறார்கள். இரண்டும் வேணும் என்ற பதில் மிகப் பழையது. ஆனால் அந்தப் பதிலை ஆட்களை வைத்துச் சோதித்துப் பார்த்த வரலாறு நாற்பது வருசத்துக்குள்தான் அடங்குகிறது.

பழைய பதிலிலிருந்தே தொடங்குவோம். ஹிப்போகிரட்டீசின் பெயரில் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று, உணவு மட்டும் ஒருவரைச் சுகமாக வைத்திருக்காது, உடலுழைப்பும் வேண்டும் என்கிறது. சுசுருத சம்ஹிதை இன்னும் சுவாரசியமானது. நீரிழிவுக்கு அது சொல்லும் சிகிச்சைகளில் ஒன்று வசதியில்லாதவருக்கானது: குடையும் செருப்பும் இல்லாமல் நெடுந்தூரம் நடக்க வேண்டும், அல்லது கிணறு வெட்ட வேண்டும். நோய்க்கான வைத்தியத்திலும் வசதி பார்த்துத்தான் வழி சொல்லியிருக்கிறார்கள். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகும் வருவோம்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த இரண்டும் பிரிந்துபோயின. உணவை ஆராய்ந்தவர்கள் ஒரு பக்கம், உடல் அசைவை ஆராய்ந்தவர்கள் மற்றப் பக்கம். அமெரிக்கரான ஆன்சல் கீஸ் 1958இல் ஏழு நாட்டு ஆண்களின் சாப்பாட்டையும் இதயநோயையும் சேர்த்துப் பார்க்கும் பெரிய ஆய்வைத் தொடங்கினார். அதற்கு முன்பே லண்டனில் ஜெரி மொரிஸ் என்ற மருத்துவர் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மொரிஸின் கதை எங்களுக்கு மிகவும் பிடித்தது. லண்டனின் இரட்டைத்தட்டு பஸ்களில் ட்ரைவர் நாள் முழுக்க இருந்த இடத்தில் இருப்பார். கொண்டக்டரோ டிக்கெட் கொடுக்க மேலும் கீழும் ஏறி இறங்குவார், வேலை நாளொன்றுக்கு ஐந்நூறுக்கும் மேற்பட்ட படிகள். ஒரே நிறுவனம், கிட்டத்தட்ட ஒரே சம்பளம், ஒரே ஊர். ஏறக்குறைய 31,000 போக்குவரத்துத் தொழிலாளரின் பதிவுகளைப் பார்த்தபோது, கொண்டக்டர்மாருக்கு இதயநோய் குறைவாக இருந்தது. வந்தாலும் பிந்தித்தான் வந்தது. 1953இல் இது வெளியானது. தபால் பகிர்பவர்களையும் கந்தோரில் இருந்து வேலை செய்பவர்களையும் ஒப்பிட்டபோதும் அதே மாதிரித்தான்.

உடனே ஒரு சந்தேகம் வரும்: கொழுத்த ஆட்கள்தான் ட்ரைவர் வேலைக்குப் போனார்களோ? மொரிஸுக்கும் அது வந்தது. நிறுவனம் சீருடை தைத்த அளவுகளை எடுத்துப் பார்த்தார். ட்ரைவர்மாரின் காற்சட்டை இடுப்பளவு உண்மையிலேயே பெரிதாக இருந்தது. அதையும் 1956இல் அவரே எழுதி வெளியிட்டார். தன்ர முடிவை ஆட்டக்கூடிய ஆதாரத்தைத் தானே தேடிப்போன ஒருவர். தையற்காரரின் அளவுப் புத்தகமும் வரலாற்று ஆவணம்தான் என்பதை எங்கட பாடத்தில் ஒருத்தரும் இப்படிச் சொல்லித்தரவில்லை.

ஆனால் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பது சோதனை ஆகாது. ஒரு கூட்டத்துக்கு உணவு மாற்றம், ஒரு கூட்டத்துக்கு உடற்பயிற்சி, ஒரு கூட்டத்துக்கு இரண்டும், ஒரு கூட்டத்துக்கு வழமையான கவனிப்பு மட்டும் என்று பிரித்து வருசக்கணக்கில் பின்தொடர வேண்டும். அது நடந்தது ஒக்ஸ்போர்ட்டிலோ ஹார்வர்டிலோ இல்லை. வடகிழக்குச் சீனாவில், 1959இல் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டதால் எழும்பிய தாச்சிங் என்ற தொழிலாளர் நகரத்தில், 1986இல் தொடங்கியது.

ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் இரத்தத்தைச் சோதித்து, நீரிழிவின் வாசலில் நின்ற 577 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஆட்களைத் தனித்தனியாகப் பிரிக்காமல், 33 கிளினிக்குகளைத்தான் குலுக்கல் முறையில் நான்கு குழுக்களாக்கினார்கள். பயிற்சிக்கு ஒரு 'அலகு' வைத்தார்கள். அரை மணித்தியாலம் மெதுவாக நடப்பதும் ஒரு அலகு, இருபது நிமிடம் சைக்கிள் ஓடுவதும் ஒரு அலகு, ஐந்து நிமிடம் கயிறு அடிப்பதும் ஒரு அலகு. ஜிம் இல்லை, கருவி இல்லை. உணவுப் பக்கத்தில் மரக்கறியைக் கூட்டு, சீனியையும் மதுவையும் குறை, உடம்பு பெருத்திருந்தால் மாதத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை இறக்கு. அவ்வளவுதான்.

ஆறு வருசம் கழித்துப் பார்த்தால், ஒன்றும் மாற்றாத குழுவில் 67.7 சதவீதமானவர்களுக்கு நீரிழிவு வந்திருந்தது. உணவுக் குழுவில் 43.8, பயிற்சிக் குழுவில் 41.1, இரண்டும் செய்த குழுவில் 46.0.

கடைசி எண்ணைத் திரும்ப வாசியுங்கள். இரண்டும் செய்தவர்கள் மற்ற இரண்டு குழுக்களையும் முந்தவில்லை. ஒவ்வொரு குழுவிலும் ஏறக்குறைய 130 பேர்தான் என்பதால் இந்தச் சின்ன வித்தியாசங்களைப் பிடித்துத் தொங்கக்கூடாது. ஆனால் 'இரண்டும் சேர்ந்தால் இரட்டிப்புப் பலன்' என்று விளம்பரங்கள் சொல்லும் கணக்கு இங்கே வரவில்லை. இரண்டில் எதைப் பிடித்தாலும் கரை கிட்டியது. 1997இல் வெளியான இந்த முடிவை நாங்கள் மூன்று பேர் மூன்று தரம் சரிபார்த்தோம், நம்ப ஏலாமல்.

அதற்குப் பிறகு நடந்தவை இரண்டையும் பிரிக்கவேயில்லை. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 3,234 பேர். உணவும் வாரத்துக்கு 150 நிமிட அசைவும் சேர்ந்து நீரிழிவு வருவதை 58 சதவீதம் குறைத்தது. மெட்போர்மின் குளிசை 31 சதவீதம். எங்களுக்குக் கிட்ட, சென்னையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வில் 531 பேர். மூன்று வருசத்தில் வழமையான குழுவில் 55 சதவீதத்தினருக்கு நீரிழிவு வந்தது, பழக்கம் மாற்றிய குழுவில் 39.3. குளிசை மட்டும் எடுத்தவர்களுக்கும், பழக்கமும் மாற்றிக் குளிசையும் எடுத்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். இங்கேயும் கூட்டல் கணக்கு பொய்த்துப்போனது.

சென்னை ஆய்வில் இன்னொரு விசயம் கண்ணில் பட்டது. பயிற்சி இல்லாதவர்களிடம் நாளுக்கு அரை மணித்தியாலமாவது நடக்கச் சொன்னவர்கள், ஏற்கெனவே உடலுழைப்பு வேலை செய்தவர்களிடம் இருப்பதை அப்படியே தொடரச் சொன்னார்கள். கூலி வேலை முடித்து வருகிறவரிடம் "பின்னேரம் வோக்கிங் போங்கோ" எண்டு சொல்லவில்லை. சுசுருதரின் கிணற்றுக்குப் பிறகு இது ஒரு பெரிய மாற்றம் என்று நாங்கள் நினைக்கிறோம்.

தாச்சிங்கில் பலன் தந்தது தனியாளின் மன உறுதி என்று மட்டும் சொல்லவும் எங்களுக்கு மனம் வரவில்லை. அங்கே முதல் மாதம் வாரத்துக்கொரு தரம் சிறு குழுவாகக் கூடினார்கள். பிறகு மூன்று மாதம் மாதமொரு தரம், அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கொரு தரம். சொல்ல ஆளும், கேட்க நேரமும், போக ஒரு கிளினிக்கும் இருந்தன. முப்பது வருசம் கழித்து அதே ஆட்களைத் தேடிப்போய்ப் பார்த்து 2019இல் வெளியிட்டார்கள்: பழக்கம் மாற்றிய குழுக்களில் நீரிழிவு கிட்டத்தட்ட நான்கு வருசம் பிந்தி வந்தது, ஆயுள் சராசரியாக 1.44 வருசம் கூடியது. ஒன்றரை வருசம்கூட இல்லையே என்று சிலர் சிரிக்கலாம். நாங்கள் சிரிக்க மாட்டோம்.

அந்த அலகுப் பட்டியலில் வீட்டு வேலையும் இருக்கிறது, அரை மணித்தியாலத்துக்கு ஒரு அலகு. அந்தக் கணக்கில் எங்கட அம்மாமார் விடிய எழும்பி மத்தியானத்துக்கு முன்னரே நாலைந்து அலகு முடித்துவிடுகிறார்கள். பிறகு எல்லாரும் சாப்பிட்டு எழும்ப, சட்டியில் மிஞ்சின சோற்றையும் வெறும் குழம்பையும், கொட்ட மனமில்லாமல், கடைசியாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மரக்கறி அதுக்குள்ள முடிஞ்சிருக்கும்.